ஒரு காதுக்கான ஜெபம்

முன்பின் தெரியாத ஆண்பிள்ளையின் கன்னத்தில் ஒரு பெண் கை வைத்து நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். பட்டப்பகலில், விழுப்புரம் போகிற பஸ்ஸில், அத்தனை சனத்துக்கு நடுவில். கண்டக்டருக்குப் பல்வலி. ஒரு பக்கக் கன்னம் வீங்கிப் போய், டிக்கெட் கிழிக்கும்போதெல்லாம் முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தார். எங்கள் தெருக்கோடி வீட்டு அக்கா டிக்கெட்டை வாங்கி இடுப்பில் செருகினாள். எழுந்து நின்றாள். அந்த வீங்கிய கன்னத்தில் உள்ளங்கையைப் பதித்துவிட்டாள். கண்ணை மூடிக்கொண்டு, "இயேசப்பா, இந்தத் தம்பிக்கு ரொம்ப நோவுது, பாத்துக்குங்க" என்றாள். கண்டக்டருக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. பஸ் முழுக்கச் சிரிப்பு. ஒரே தெருக்காரி என்ற உரிமையில் அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்தாள். நானோ ஜன்னல் பக்கம் திரும்பி, இவள் யாரென்றே தெரியாதவள்போல் ரோட்டோரத்து மாடுகளைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

இறங்கும்போது எனக்குப் பொறுக்கவில்லை. "ஒனக்கு வெக்கமே கெடையாதாக்கா?" என்று கேட்டேன்.

அவள் உண்மையாகவே யோசித்தாள். பிறகு, "வீங்கியிருந்துச்சே பாப்பா" என்றாள்.

அவ்வளவுதான் அவளுடைய நியாயம். வீங்கியிருந்தது, கை வைத்தாள். இதற்கு மேல் அவளிடம் பேசி என்ன ஆகப்போகிறது?

புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரன் கொடி இறங்கி ஒரு வருஷம் ஆகியிருக்கும், அவர்கள் எங்கள் தெருவுக்குக் குடிவந்தபோது. கடலூர்ப் பக்கத்துக்காரர்கள். புருஷனுக்கு ரயில்வேயில் தண்டவாளம் பார்க்கிற வேலை. இவளுக்கு முப்பத்தைந்து நாற்பது வயதிருக்கும். எந்நேரமும் வெள்ளைச் சேலை. கழுத்தில் காதில் ஒரு குன்றிமணி நகை கிடையாது. நாங்கள் பரம்பரைக் கத்தோலிக்கர்கள், கோயில் மணியடித்தால் பூசைக்குப் போகிறவர்கள். எங்களுக்கு இவள் 'அல்லேலூயாக்காரி'. முதுகுக்குப் பின்னால்தான் அப்படிச் சொல்வோம், ஆனால் காதில் விழட்டும் என்றுதான் சொல்வோம். கர்த்தர் அவளுக்குக் குரலை மட்டும் ஆண்பிள்ளைக்கு வைத்திருந்ததை மாற்றிக் கொடுத்துவிட்டார். இருட்டில் பேசினால் யாரோ பெரியவர் வந்திருக்கிறார் என்று எழுந்து நிற்கத் தோன்றும்.

யாரைப் பார்த்தாலும் நல்லாயிருக்கீங்களா, சாப்டாச்சா என்றெல்லாம் கேட்கமாட்டாள். "எங்க நோவுது?" என்றுதான் கேட்பாள். குழாயடியில் கேட்பாள், ரேஷன் வரிசையில் கேட்பாள், கடற்கரையில் காற்று வாங்க உட்கார்ந்திருக்கிறவர்களைக்கூட விடமாட்டாள். அதிசயம் என்னவென்றால், முதலில் ஒன்றுமில்லை என்பவர்கள் அடுத்த நிமிஷமே முட்டியைக் காட்டுவார்கள், முதுகைக் காட்டுவார்கள். சிலர் ஒன்றையும் காட்டாமல் அழத் தொடங்கிவிடுவார்கள். ஊரில் இத்தனை பேர் நோவோடுதான் நடமாடுகிறார்கள் என்பதே அவள் வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

தேங்காய்த்திட்டிலிருந்து கூடையில் மீன் கொண்டுவரும் ஒரு அம்மாள் அவளை ஒருநாள் கிழி கிழியென்று கிழித்தாள். சங்கரா மீனுக்கு விலை பேசிக்கொண்டிருந்த நேரத்தில், இவள் பேரத்தைப் பாதியில் விட்டுவிட்டு அந்த அம்மாளின் தோள்பட்டையைப் பிடித்து ஜெபிக்க ஆரம்பித்துவிட்டாள். ஜெபம் பண்ணி மனசை இளக்கி விலையைக் குறைக்கப் பார்க்கிறாள் என்று அந்த அம்மாள் நினைத்துவிட்டாள். சாமி பேரைச் சொல்லி யாவாரத்துல கைய வைக்காத என்று தெருவே கேட்கக் கத்தினாள். அக்கா ஜெபத்தை முடித்து, ஆமென் சொல்லி, கேட்ட விலையைக் கொடுத்து மீனை வாங்கிக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு மீன்கார அம்மாள் எங்கள் தெருவுக்கு வந்தால் கூடையை முதலில் அவள் வாசலில்தான் இறக்குவாள். தோள்வலி போயிற்றா என்று எனக்குத் தெரியாது. அக்காவுக்கும் தெரியாது.

அதுதான் விஷயம். ஜெபித்த பிறகு அவள் ஒருநாளும் திரும்பிப் போய்க் கேட்கமாட்டாள். எங்கள் கோயிலில் ஒரு தலைவலி தீர்ந்தால் மெழுகுவர்த்தி, நன்றிப் பூசை என்று அமர்க்களப்படும். இவள், "கேட்டாச்சு, இனிமே அவரு பாத்துக்குவாரு" என்று போய்க்கொண்டே இருப்பாள். சில மாதம் கழித்து அந்தக் கண்டக்டரை நான் பார்த்தேன். மறுநாளே பல்லைப் பிடுங்கிவிட்டதாகச் சொன்னார். உன் ஜெபம் பலிக்கவில்லை பார் என்று குத்திக்காட்ட இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்குமா? ஓடிப்போய் அவளிடம் சொன்னேன். "அப்ப வலி போயிடுச்சுல்ல? ஸ்தோத்திரம்" என்றாள்.

யாருக்கு எது நல்லபடியாக நடந்தாலும் அந்த ஒரு வார்த்தைதான். ஸ்தோத்திரம்.

அவள் திரும்பத் திரும்பக் கை வைத்த இடம் ஒன்று உண்டு. எங்கள் பக்கத்து வீட்டு மாமாவின் இடது காது.

மாமா ரொட்டிக்கடையில் வேலை பார்த்தார். விடியற்காலையில் அடுப்பிலிருந்து எடுத்த நீள ரொட்டியில் எங்களுக்கும் ஒன்று வந்துவிடும். அவர் இந்து, மாரியம்மன் கோயில் தீமிதிக்குக் காப்பு கட்டுகிறவர். ஆனாலும் அவரும் அத்தையும்தான் எங்களுக்கு எல்லாம். என் அம்மா நான் சின்னவளாக இருந்தபோதே போய்விட்டாள். கூடப் பிறந்தவர்கள் கிடையாது. அப்பாவும் நானும், சுவருக்கு அந்தப்பக்கம் மாமா வீடும், இவ்வளவுதான் என் உலகம்.

இந்தியாவோடு சேர வேண்டும் என்று கொடி பிடித்தவர் மாமா. அப்பா பிரெஞ்சு சர்க்காரில் குமாஸ்தா. வாசலில் நின்று இருவரும் அரசியல் பேசிச் சண்டை போடுவார்கள், பிறகு ஒன்றாகக் காப்பி குடிப்பார்கள். கொடி இறங்குவதற்குச் சில மாதம் முன்பு, கொடிக்காரர்களைத் தேடித்தேடி அடிக்க ஒரு ரவுடிக் கும்பல் கிளம்பியது. மாமா தன் வீட்டுப் பின்கட்டில் விறகுக்குப் பின்னால் ஒளிந்திருந்தார். நேராக அங்கேயே போய் இழுத்துப் போட்டு அடித்தார்கள். காதோடு சேர்த்துத் தடியால் ஒரு அடி. அப்பாதான் ஓடிப்போய் அவரைத் தூக்கினார். நான் என் பாவாடையைக் கிழித்துக் கட்டுப் போட்டேன். அப்பா ரிக்‌ஷா பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் உயிரைக் காப்பாற்றினார். இடது காதுதான் கேட்காமல் போய்விட்டது. "ஒங்கப்பா இல்லன்னா நான் மண்ணாப் போயிருப்பேன்" என்று மாமா எத்தனை தரம் சொல்லியிருக்கிறார் என்னிடம். தெருவில் யாரோ காட்டிக் கொடுத்திருக்கிறான் என்பார், யாரென்று தேடவில்லை என்பார். அன்றிலிருந்துதான் அந்தக் காலை ரொட்டி.

இந்தக் காதைத்தான் அக்கா விடாமல் பிடித்துக்கொண்டாள். மாமா சைக்கிளில் போனால் நிறுத்துவாள். காதில் கை வைப்பாள். மாமாவுக்கு அது வேடிக்கை. எத்தன மனு போடுவ, மேல ஆபீசுல எல்லாரும் தூங்குறாங்க போல என்று சிரித்துக்கொண்டே சைக்கிளை மிதிப்பார். அவளும் சிரிப்பாள். அடுத்த முறை பார்த்தால் மறுபடி மனு.

ஐம்பத்தெட்டோ ஐம்பத்தொன்பதோ, ஒரு ஆடி மாதம் அப்பாவுக்கு விஷக்காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நாளாக ஆக நினைவு தப்பித்தப்பி வந்தது. டாக்டர் முகம் கொடுத்துப் பேசுவதைக் குறைத்துக்கொண்டார். வார்டில் இருந்த மசேர், அதாவது கன்னியாஸ்திரி அம்மா, என்னைத் தனியே கூப்பிட்டு, சாமியாரை அழைத்து வந்துவிடு மகளே என்றார். நான் மாட்டேன் என்றுவிட்டேன். ஏன் என்று எங்கள் சனத்துக்கு மட்டும்தான் புரியும். சாவுப்படுக்கையில் சாமியார் வந்து நெற்றியிலும் உள்ளங்கையிலும் எண்ணெய் பூசுவார், அவஸ்தைப் பூசுதல் என்போம். அதற்கு முன்னால் நோயாளி பாவசங்கீர்த்தனம் செய்வார், செய்த பாவங்களை வாய்விட்டுச் சொல்வார். எண்ணெய் வந்துவிட்டால் ஆள் போகப்போகிறார் என்று அர்த்தம். சில வீடுகளில் எண்ணெய் பூசிய கையோடு பந்தலுக்குச் சொல்லிவிடுவார்கள். அப்பா போனால் நான் தனிமரம். சாமியாரை நான் எப்படிக் கூப்பிடுவேன்?

மாமா தினமும் வேலை முடிந்ததும் ரொட்டியோடு நேரே ஆஸ்பத்திரிக்கு வருவார். அப்பாவால் சாப்பிட முடியாது. அது எனக்கு.

அன்றைக்கு வெந்நீர் வாங்கப் போனவள் வார்டுக்குத் திரும்பி வருகிறேன். அப்பா கட்டிலருகே வெள்ளைச் சேலை. அக்கா! யார் சொல்லி வந்தாள், எப்போது வந்தாள், ஒன்றும் தெரியாது. கையில் காலியான சென்ட் சீசா ஒன்றில் தேங்காயெண்ணெய். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு மட்டும் அவள் எண்ணெய் எடுப்பாள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், பார்த்ததில்லை. அப்பாவின் நெற்றியில் பூசி முடித்துவிட்டு, உள்ளங்கையை விரித்து அதிலும் தடவிக்கொண்டிருந்தாள். அந்தக் கட்டைக் குரலில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். கட்டிலின் அந்தப்பக்கம் மாமா, கையில் ரொட்டிப் பொட்டலத்தோடு, ஜெபம் முடியட்டும் என்று மரியாதையாக நின்றிருந்தார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அப்பா பேசிவிட்டார்.

கண் திறக்கவில்லை. உள்ளங்கையில் எண்ணெய் பட்டிருக்கிறது, தலைமாட்டில் ஆண் குரல் ஜெபிக்கிறது. அவருக்கு அது யாராக இருக்க முடியும்? அக்காவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "சாமி, பாவி நான், பாவசங்கீர்த்தனம் பண்ணணும்" என்றார்.

குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. தண்ணீர் கேட்கிறாரோ என்னவோ என்று மாமா பதறிப்போய்க் குனிந்தார். யார் மெதுவாகப் பேசினாலும் அவருக்கு ஒரு பழக்கம், தலையை ஒரு பக்கமாகத் திருப்பி நல்ல காதைக் கொடுப்பார். அப்படித்தான் வலது காதை அப்பாவின் வாயருகே கொண்டுபோனார்.

"பக்கத்து வூட்டுக்காரன் பின்கட்டுல இருக்கான்னு நான்தான் சொன்னேன் சாமி. கேட்டானுங்க. வேல போயிடும்னு பயந்துட்டேன். அடிப்பானுங்கன்னு தெரியும். காது போவும்னு தெரியாது."

நான் வெந்நீர்ச் செம்பைக் கீழே போடவில்லை. ஏன் போடவில்லை என்று இன்றுவரை ஆச்சரியமாக இருக்கிறது. கை பொசுங்கியதுகூட வீட்டுக்குப் போன பிறகுதான் தெரிந்தது. அட பாவி மனுஷா, என் அப்பனா நீ? தூக்கிக்கொண்டு ஓடினாயே, ரிக்‌ஷாவில் மடியில் போட்டுக்கொண்டு அழுதாயே, அந்த ரொட்டியை இத்தனை வருஷம் காப்பியில் தோய்த்துத் தின்றாயே! அப்பா விடவில்லை. "மன்னிப்பு குடுங்க சாமி, மன்னிப்பு குடுங்க" என்று அக்காவின் கையை உலுக்கிக்கொண்டே இருந்தார்.

மன்னித்தேன் என்று ஒரு வார்த்தை அவள் சொல்லியிருந்தால் அந்த மனுஷன் நிம்மதியாகக் கண்ணை மூடியிருப்பார். அவள் சொல்லவில்லை. "ஐயா, நான் சாமியார் இல்ல. தெருக்கோடி வூட்டுப் பொம்பள" என்றாள். பிறகு தலையை நிமிர்த்தி மாமாவைப் பார்த்தாள். மாமா குனிந்த நிலையிலிருந்து மெல்ல எழுந்தார். ரொட்டியை ஸ்டூலின் மேல் வைத்தார். வெளியே போய்விட்டார்.

அவளை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனேன். ஒன்ன யாரு எண்ண பூசச் சொன்னது, எங்கப்பாவ சாவடிக்கவா வந்தே என்று வாய்க்கு வந்தபடி ஏசினேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

"எங்கள்ல எண்ண பூசறது பொழைக்கிறதுக்கு பாப்பா" என்றாள்.

"எங்கள்ல அது போறதுக்கு" என்றேன்.

அவள் முகம் செத்துப்போய்விட்டது. அந்தச் சீசாவை முந்தானையில் மறைத்துக்கொண்டாள். அவள் பயந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

இதைக் கேளுங்கள். அன்று சாயங்காலம் அப்பாவுக்கு வியர்த்துக் கொட்டி, காய்ச்சல் இறங்கிவிட்டது. மருந்துதான் வேலை செய்தது என்றார் டாக்டர். இருக்கட்டும். கண்ணைத் திறந்ததும் அப்பா கேட்ட முதல் கேள்வி, "சாமியார் வந்தாரா?"

இல்லை என்றேன். வந்தது யார் என்றும் சொன்னேன். "நான் என்ன சொன்னேன்?" என்று அப்பா கேட்டார். சொன்னேன். வேற யார் இருந்தா என்றார். மாமா என்றேன். அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பிழைத்தால் போதும் சர்வேசுரா என்று எத்தனை நாள் மன்றாடினேன். பிழைத்துவிட்டார். இனி அந்தச் சுவருக்கு இந்தப்பக்கம் நாங்கள் எப்படி வாழ்வது? மாமாவும் போய்விட்டால் எங்களுக்கு ஊரில் யார்? நான் அப்பாவுக்கு முகம் கொடுக்கவில்லை. காலையில் ரொட்டி வருமா என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பே இல்லை.

காலையில் அக்காதான் முதலில் வந்தாள். சீசா இல்லை. வார்டு வாசலோடு நின்றுகொண்டாள். உள்ளே வரும் துணிச்சல் இல்லை போலிருக்கிறது. கொஞ்ச நேரத்தில் அவளைத் தாண்டிக்கொண்டு மாமா வந்தார். கையில் பொட்டலம் இருந்தது.

எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. அப்பா கண்ணை இறுக மூடிக்கொண்டார். மாமா ரொட்டியை என்னிடம் கொடுத்து, சூடா இருக்கு சாப்புடு என்றார். நேற்று ஒன்றுமே நடக்காத மாதிரி. அக்கா மெதுவாக உள்ளே வந்தாள். அவளுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதானே! மாமாவின் இடது காதை நோக்கிக் கையை உயர்த்தினாள்.

மாமா அந்தக் கையைப் பாதி வழியில் பிடித்து நிறுத்தினார்.

"வேணாம்மா. இது இப்பிடியே இருக்கட்டும்" என்றார். பிறகு அப்பாவைப் பார்க்காமல், ஆனால் அப்பாவுக்குக் கேட்கும்படியாகச் சொன்னார். "நேத்து நான் இந்தக் காதுப்பக்கமா நின்னுட்டு இருந்தேன். எனக்கு ஒண்ணும் கேக்கல."

பொய். நான் என் கண்ணால் பார்த்தேன். வலது காதை வாயருகே வைத்து ஒரு சொல் விடாமல் கேட்டார். அது அக்காவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், போர்வைக்குள் குலுங்கிக் குலுங்கி அழுத அப்பாவுக்கும் தெரியும். தெரிந்தே சொன்னார் அந்த மனுஷன். நான் ரொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அக்கா நிறுத்தப்பட்ட கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் வைத்துக்கொண்டிருந்தாள். எங்கே நோவுது என்று அவள் கேட்டு, குணமே வேண்டாம் என்று சொன்ன ஆளை அவள் அதுவரை பார்த்ததில்லை. "சரிங்கய்யா" என்று கையை இறக்கிக்கொண்டாள்.

அப்பா வீடு திரும்பினார். ரொட்டி தினமும் வந்தது. உடம்பு தேறியதும் அப்பா ஒருதரம் வாசலில் வைத்து அந்தப் பேச்சை எடுத்தார். மாமா மெல்லத் தலையைத் திருப்பி இடது காதைக் காட்டினார். அப்பா அந்தக் காதிடமே எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். அதன் பிறகு இருவரும் காப்பி குடித்தார்கள். இதை மன்னிப்பு என்பதா, தண்டனை என்பதா, எனக்குத் தெரியாது. அப்பாவோடு பேசவே எனக்குப் பல மாதம் ஆயிற்று.

அக்கா வெளியில் மூச்சு விடவில்லை. அவர்கள் சபையில் ஒவ்வொருவரும் எழுந்து நின்று, எனக்கு இன்ன நோய் இப்படிச் சுகமானது என்று சாட்சி சொல்வார்களாம். எங்கள் கதை அங்கே நாறப்போகிறது என்று நான் பயந்தது வீண். மாமாவைத் தெருவில் கண்டால் ஒதுங்கிப் போனாள். சைக்கிளை நிறுத்துவதில்லை.

அடுத்த மழைக்காலத்தில் ஒருநாள் மத்தியானம் எங்கள் கதவைத் தட்டினாள். நனைந்திருந்தாள். உள்ளே வா என்றேன், வரவில்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அந்தக் கட்டைக் குரலைத் தணித்துக் கேட்டாள்.

"பாப்பா, அவரு காது எப்பிடி இருக்கு?"

எனக்கு மறுபடியும் தூக்கிவாரிப் போட்டது. எவன் பல்லையும், எவள் தோளையும் திரும்பிப் போய் விசாரிக்காதவள். ஒனக்கு ஏன்க்கா இப்ப அது என்றேன்.

"முன்னாடி நான் கேட்டதெல்லாம் இயேசப்பாகிட்ட இருக்கே பாப்பா. எத்தன தரம் கேட்டிருப்பேன். வேணாம்னு அதுக்கப்பறம் தெனமும் சொல்லிட்டுத்தான் இருக்கேன். ஆனா அவரு லேட்டாக் குடுத்தாலும் குடுத்துருவாரு. அதான் ராத்திரியில தூக்கம் வரல."

நான் அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"அப்பிடியேதான்க்கா இருக்கு. ஒண்ணும் கேக்கல" என்றேன்.

அவள் கண்ணை மூடினாள். நெஞ்சில் கை வைத்து மூச்சை விட்டாள்.

"ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்டு, மழையில் இறங்கிப் போனாள்.